உபகாரச் சம்பளம் பிச்சையல்ல!

செஞ்சி தாலுகா தளவானூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி. மனைவியும் கூலி. மல்லாட்டை பிடுங்குவது, நடவு, களை, அறுப்பு என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போகிற குடும்பம். மூத்த மகள் விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்த வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

சில நாட்களுக்கு முன் அவர் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களுடன் வந்தார். ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் நகல், பாங்கிப் புத்தகம் எல்லாம் அதில் இருந்தன.

"தோழரே, இதில என்ன குறைன்னு பாருங்க. ஆறு மாசமா வரும் வரும்னுதான் சொல்றாங்க. பரீட்சைக்குப் பணம் கட்டணும். 'நான் நின்னுடறேம்பா, திருப்பூர் கம்பெனிக்குப் போறேன்'னு பொண்ணு சொல்லுது. அது சொன்னதிலேருந்து வீட்ல யாரும் சரியா சாப்பிடல."

காகிதங்களைப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது. உபகாரச் சம்பளம் ஆதாரோடு இணைத்த பாங்கிக் கணக்குக்குத்தான் போகும். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் படித்தபோது திறந்த ஒரு பழைய கணக்கோடு ஆதார் இணைந்து கிடக்கிறது. அந்தக் கணக்கோ வரவு செலவில்லாமல் முடங்கிவிட்டது. புதுக் கணக்கின் நம்பரை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அவள் காத்திருக்கிறாள். பணமோ செத்துப்போன கணக்கைத் தேடிக்கொண்டு நிற்கிறது. இதை ஆறு மாதமாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. இதைச் சரி செய்ய அப்பாவும் மகளும் அலைந்தது நாலு நாள். அவருக்கு நாலு நாள் கூலி போயிற்று.

இந்தக் கதை ஒரு வீட்டுக் கதையல்ல, தோழர்களே! தெருவுக்கு ஒரு வீட்டில் இதே பிளாஸ்டிக் பை இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

யார் வீட்டுப் பணம்?

கல்லூரி மாணவருக்குக் கொடுக்கும் உதவியை "இலவசம்" என்று ஏளனம் செய்கிற கனவான்கள் உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு வரிச் சலுகை கொடுத்தால் அதற்கு "ஊக்கம்" என்று பெயர். கூலிக்காரன் மகளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் அது "தானம்"! இது என்ன நியாயம்?

சோப்புக்கும் செருப்புக்கும் செல்போனுக்கும் நாம் வரி கட்டுகிறோம். கல்லூரிக் கட்டிடத்துக்குச் செங்கல் சுமந்தவர்கள் நம்மவர்கள். அங்கே படிக்கிறவர் உண்ணும் அரிசி நம் கையால் விளைந்தது. உடுத்தும் துணி நம் கையால் நெய்தது. நம் பிள்ளை உள்ளே போகும்போது மட்டும் யாரோ போட்ட பிச்சை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்த உதவிகள் தானாக வந்தவையும் அல்ல. 1913இல் பரோடா சமஸ்தானம் உபகாரச் சம்பளம் கொடுத்திராவிட்டால் டாக்டர் அம்பேத்கர் கொலம்பியா சர்வகலாசாலையைப் பார்த்திருக்க முடியாது. அதை அவர் மறக்கவில்லை. வைசிராயின் நிர்வாக சபையில் அங்கத்தினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேற்படிப்புக்கு சர்க்காரே பணம் தர வேண்டுமென்று வாதாடினார். 1944இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்று போஸ்ட் மெட்ரிக் உபகாரச் சம்பளம் என்று நடக்கிறது. நம்முடைய பழைய தென்னார்க்காட்டிலேயே 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூட வாசலில் நிற்கவும் விடாத காலத்தில் அவர் பள்ளிக்கூடமே கட்டினார்.

ருஷ்யாவில் 1919இல் தொழிலாளருக்கும் குடியானவருக்கும் சர்வகலாசாலைக்குள் போக "ராப்ஃபாக்" என்ற தனிக் கல்விப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். பசியோடு படிக்க முடியாது என்பதால் உபகாரச் சம்பளமும் கொடுத்தார்கள். முதலாளித்துவ நாடான ஜெர்மனியில்கூட 1971இல் மாணவர் உதவிக்குத் தனிச் சட்டம் செய்தார்கள். இன்று அங்கே வசதியற்ற கல்லூரி மாணவருக்குக் கிடைப்பதில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். அங்கே அதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை.

எட்டு ரூபாய்க் கணக்கு

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2021இல் புது விதிகள் வெளியிட்டது. கல்லூரிக் கட்டணம் தனி. அது போக, பி.ஏ., பி.எஸ்ஸி. படிப்பவர் வீட்டிலிருந்து போய் வந்தால் வருஷத்துக்கு 3,000 ரூபாய். விடுதியில் தங்கினால் 6,000 ரூபாய். மூவாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 250. நாளொன்றுக்கு எட்டு ரூபாய் சொச்சம்! ஒரு டீ குடிக்கக் காணாது. நோட்டும் பேனாவும் சாப்பாடும் செல்போன் டேட்டாவும் இந்த எட்டு ரூபாயில் அடங்க வேண்டுமாம்.

இந்த எட்டு ரூபாய்க்கும் ஒரு வேலி போட்டார்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மில்லில் அப்பாவுக்கு மாதம் 15,000, வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 2,52,000 ஆகிறது. இரண்டாயிரம் ரூபாய் அதிகம்! அந்த இரண்டாயிரத்துக்காகப் பிள்ளையின் உபகாரச் சம்பளம் முழுதும் போய்விடும். ஓவர்டைம் பார்த்த குற்றத்துக்கு மகனுக்கு அபராதமா?

2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை இத்திட்டத்துக்கு ஐந்து வருஷத்துக்கு 59,048 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. மத்திய சர்க்கார் பங்கு 60 சதவீதம், மாநில சர்க்கார் பங்கு 40 சதவீதம். அதற்கு முன்பு பாரத்தில் பெரும்பகுதியை மாநிலங்களின் தலையில் கட்டிவிட்டு டில்லி ஒதுங்கியிருந்தது. மாநிலங்களும் மாணவர்களும் சத்தம் போட்ட பிறகுதான் இந்த மாற்றம் வந்தது. சத்தம் போட்டால்தான் காது கேட்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

மாநில சர்க்கார் செய்ததில் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் பிறகு சேர்த்தார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020இல் வந்தது; 2021இல் அது பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் விரிந்து, கட்டணத்தையும் சர்க்கார் ஏற்றது. கூலிக்காரர் வீட்டில் கல்யாணத்துக்கு அவசரப்படும் கையை மாதம் ஆயிரம் ரூபாய் கொஞ்சம் தடுத்து நிறுத்துகிறது என்பது நம் கண்ணால் காண்கிற உண்மை.

ஆனால் வெளியே நிற்கிறவர்களும் உண்டு. "இங்கிலீஷ் வந்தால்தான் பிழைப்பு" என்று வட்டிக்கு வாங்கிப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்த மில் தொழிலாளி எத்தனை பேர்! அந்தப் பிள்ளைக்கு இந்த ஆயிரம் இல்லை. கலந்தாய்வில் போகாமல் தரகன் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவனுக்கோ போஸ்ட் மெட்ரிக் கட்டண உதவியும் இல்லை. தரகன் இதை முன்கூட்டிச் சொல்ல மாட்டான். முதல் தவணை கட்டிய பிறகுதான் தெரியும்.

கடன் என்னும் கண்ணி

உபகாரச் சம்பளம் போதாத இடத்தில் கடன் வந்து நிற்கிறது. நாலு லட்சம் வரை ஈடு கேட்காமல் கல்விக் கடன் தரலாமென்பது பாங்கிகளின் பொதுவிதி. 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புக்கொண்ட வித்யாலட்சுமி திட்டம், ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் என்கிறது. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அது தரவரிசையில் மேலே இருக்கும் கல்வி ஸ்தாபனங்களில் (தொடங்கியபோது சுமார் 860) சேருகிறவருக்கு மட்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது வேறு கல்லூரிகளில்.

கடன் வாங்கினால் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கிவிடும். வேலையோ தொடங்காது. 2016இல் மதுரையில் ஒரு கட்டிடத் தொழிலாளியின் மகன், பொறியியல் படித்தவர், கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். பாங்கி தன் வாராக் கடன்களைத் தனியார் வசூல் கம்பெனியிடம் விற்றிருந்தது. படிக்க வாங்கிய கடன் கந்துவட்டிக் கடன்போல் வாசலில் வந்து நின்றது. அந்தக் குடும்பத்தின் துயரத்தை நாம் மறக்கக் கூடாது. கடன் என்பது உதவிக்கு மேல் உதவியாக இருக்கலாம். உதவிக்குப் பதிலாக இருக்கவே கூடாது.

பயிற்சியா, மலிவுக் கூலியா?

இனி "இன்டர்ன்ஷிப்" என்ற புதிய மந்திரத்தைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த தமிழில் இது அப்ரண்டிஸ்தான். மில் தொழிலாளிக்கு இந்த வார்த்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சுமங்கலித் திட்டம் என்று அழகான பெயர் வைத்துக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் கிராமத்துப் பெண்களை அப்ரண்டிஸ் என்று சேர்த்தார்கள். மூன்று வருஷம் விடுதிக்குள் அடைபட்டு வேலை. முடிவில் கல்யாணத்துக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவதாக ஆசை காட்டினார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண்கள் பலர் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கவில்லை. கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதுமான வேலைக்கு மூன்று வருஷப் பயிற்சி! பயிற்சி என்ற பெயரில் என்ன நடக்க முடியும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம், அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவனேயன்றித் தொழிலாளி அல்ல என்று சொல்கிறது. உடல்நலம், பாதுகாப்பு, விபத்து நஷ்டஈடு நீங்கலாக மற்றத் தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. பட்டதாரி அப்ரண்டிசுக்கு மாதம் 9,000 ரூபாய் என்று 2019இல் விதி செய்தார்கள். ஆறு வருஷம் கழித்து 2025இல்தான், அதை 12,300 வரை உயர்த்தலாமென்று மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் சிபாரிசு செய்தது.

அடுத்தது பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டம். ஐந்து வருஷத்தில் ஒரு கோடி வாலிபருக்கு நாட்டின் 500 பெரிய கம்பெனிகளில் பயிற்சி என்று 2024 ஜூலை பட்ஜெட்டில் முழங்கினார்கள். அக்டோபரில் சோதனையாகத் தொடங்கினார்கள். 21 முதல் 24 வயது வரையுள்ள வாலிபருக்கு ஒரு வருஷப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் என்று அப்போது விதி செய்தார்கள். இதில் 4,500 ரூபாய் சர்க்கார் கஜானாவிலிருந்து. கம்பெனி கொடுத்தது 500 ரூபாய். அதையும் சமூகப் பொறுப்பு நிதிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்!

26 நாள் வேலை என்று கணக்குப் போடுங்கள். வாலிபனுக்கு நாளொன்றுக்கு 192 ரூபாய் கிடைத்தது. கம்பெனி தன் கையிலிருந்து கொடுத்தது நாளொன்றுக்கு 19 ரூபாய். 2025இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஏரியில் மண் வெட்டிய தாய்க்கு 336. பட்டம் வாங்கிக் கம்பெனிக்குப் போகும் மகனுக்கு 192! படித்தால் கூலி குறையும் என்பதா இந்த நாட்டின் பொருளாதாரம்?

வாலிபர்கள் முட்டாள்கள் அல்லர். முதல் சுற்றில் கம்பெனிகள் 82,000க்கும் மேற்பட்ட அழைப்புகளை அனுப்பின. போய்ச் சேர்ந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர்கூட இல்லை. சென்னையிலோ ஓசூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் ஐயாயிரத்தில் முடியுமா? வீட்டிலிருந்து பணம் வரக்கூடியவன்தான் அந்தப் பயிற்சிக்குப் போக முடியும். ஏழைக்கென்று சொல்லிய திட்டம் வசதி உள்ளவனுக்குப் போய்ச் சேர்கிறது.

பயிற்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஆயிரம் முறை வேண்டும். கல்லூரியில் நாலு வருஷம் கரும்பலகையைப் பார்த்தவனுக்கு நாலு மாதம் மெஷினைப் பார்த்தால்தான் தொழில் புரியும். நமது கேள்வி இதுதான்: கற்றுக்கொடுக்கிறாயா, வேலை வாங்குகிறாயா? கற்றுக்கொடுத்தால் அதற்குப் பாடத்திட்டமும் சான்றிதழும் எங்கே? வேலை வாங்கினால் அதற்குக் கூலி எங்கே? இன்னொன்றையும் மில் தோழர்கள் கவனிக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறும் இடத்தில் 19 ரூபாய்ப் பையன் வந்து நின்றால், குறைவது அந்தப் பையனின் கூலி மட்டுமல்ல, உங்கள் கூலியும்தான்.

வழி சொல்ல ஆள் எங்கே?

வக்கீல் மகனுக்கு மாமா ஒரு டாக்டர். சித்தப்பா ஒரு என்ஜினீயர். எந்தப் படிப்பு, எந்தப் பரீட்சை, எந்தத் தேதி என்று சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்துவிடும். கூலிக்காரன் மகளுக்கு யார் சொல்வது? பிரௌசிங் சென்டர்க்காரர்தான் அவளுக்குக் கல்வி ஆலோசகர்!

புதுச்சேரி ஏ.எப்.டி. மில் 1898இல் தோன்றியது. அப்பன் மில்லுக்குப் போனால் மகனும் ஒருநாள் மில்லுக்குள் போகலாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சுற்றுப்புறத்தார் நம்பினார்கள். 2020 ஏப்ரல் 30ஆம் தேதி அந்த மில் மூடப்பட்டது. அப்பன் தொழில் மகனுக்கு என்ற காலம் போய்விட்டது. ஆகவே வழிகாட்டுவது என்பது சவுகரியம் அல்ல, பிழைப்புப் பிரச்னை.

இதற்கும் சில ஏற்பாடுகள் உண்டு. 2022 மார்ச்சில் வந்த நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று சர்வீஸ் கமிஷன் முதலிய பரீட்சைகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. தளவானூரில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? மறுபக்கம், பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்த பட்டதாரிக்கு மாநில சர்க்கார் விதிப்படி வேலையில்லா உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதற்கும் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். மாதம் ஆறாயிரத்துக்குள் ஒரு குடும்பமே நடத்துகிற பட்டதாரியைக் கண்டுபிடித்து 600 ரூபாய் கொடுக்கிறார்கள்!

வேலை நம் காலடியிலும் இருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் காலத்து ராணுவத் தலங்கள் என்ற பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. தளவானூரிலோ ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் என்ற குகைக்கோயில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் வேண்டாமா? சுற்று வட்டாரத்தில் சரித்திரமும் தமிழும் இங்கிலீஷும் படிக்கும் பிள்ளைகளுக்கு, விடுமுறை மாதங்களில் கூலியோடு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தால் என்ன? கல்வெட்டுப் படி எடுக்க, பராமரிக்க, கணக்கு வைக்க, வாகனத்தை ஒழுங்கு செய்யப் பழக்கினால் என்ன? உலகம் பார்க்க வரும் கோட்டைக்குக் கீழே, உள்ளூர்ப் பட்டதாரி இளநீர்தான் விற்க வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரிடம் நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று: உபகாரச் சம்பளம் கல்லூரி திறந்த முதல் இரண்டு மாதத்துக்குள் கைக்கு வர வேண்டும். பரீட்சை முடிந்த பிறகு வரும் பணம் படிப்புக்கு உதவாது.

இரண்டு: வருமான உச்சவரம்பையும் மாதப்படியையும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும். எட்டு ரூபாய் அவமானம்.

மூன்று: பாங்கிக் கணக்கில் குறை இருந்தால் அதை மாணவருக்கு எழுத்தில் தெரிவிக்கும் பொறுப்பு அலுவலகத்துடையது. உதவி வரும் வரை எந்தக் கல்லூரியும் பரீட்சைச் சீட்டை நிறுத்தி வைக்கக் கூடாது.

நாலு: எந்தப் பெயரில் பயிற்சி நடந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. முடித்தவருக்கு வேலையில் முதல் உரிமை வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? இங்கே நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் கூட்டம் போடுகிற நாம், பிள்ளைகளின் உபகாரச் சம்பளத்துக்கு எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்? ஒவ்வொரு மில் சங்கத்திலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையிலும், பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் ஒரு மேஜை போடுங்கள். படித்த இரண்டு வாலிபர் அதில் உட்காரட்டும். ஜாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்கள் இருக்கின்றனவா, ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது, கலந்தாய்வுத் தேதி எப்போது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்த்துச் சொல்லட்டும். தரகன் வீட்டுக்கு வருமுன் சங்கம் வர வேண்டும். பத்துப் பேருக்குப் பணம் வரவில்லையென்றால் பத்துப் பேரும் தனித்தனியாக அலைய வேண்டாம். ஒரே மகஜராகச் சேர்ந்து போங்கள். தனி மனு மேஜைக்கு அடியில் கிடக்கும். நூறு பேர் கொண்டுபோகும் மனுவை மேஜைக்கு மேலேதான் வைப்பார்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பரீட்சைப் பணத்தை அதே தெருவில் மில்லுக்குப் போகும் நாலு பேர் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டுக் கட்டினார்கள். அவள் பரீட்சை எழுதினாள். திருப்பூர் பஸ் ஏறவில்லை. "பணம் வந்ததும் திருப்பிக் கொடுத்துடுவேன் மாமா" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாளாம். அந்த நாலு தோழர்களையும் நினைத்து நமக்குப் பெருமைதான். ஆனால் எத்தனை பெண்களுக்கு நாலு பேர் கிடைப்பார்கள்? சட்டப்படி வர வேண்டிய பணத்துக்குத் தொழிலாளி மறுபடி தன் சட்டைப் பையைத் தடவ வேண்டுமா?

பிளாஸ்டிக் பையோடு வரும் ஒவ்வொரு தகப்பனும் கேட்பது இரக்கத்தை அல்ல, தன் பங்கை. அதைக் கேட்டு வாங்கும் வேலையை அவர் தலையில் மட்டும் போடாமல் நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்வோம்.